டெபியன்: தாமதத்தின் பலமும் பலவீனமும்

லினக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் ஓர் இயங்குதளத்தின் கருவை மட்டுமே. பின்லாந்து மாணவரான லினஸ் ரோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அறிவித்தது அந்தக் கருவைத்தான். கருவை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கடிதம் எழுதவோ கணக்குப் பார்க்கவோ முடியாது. அதனோடு நூற்றுக்கணக்கான ஏனைய மென்பொருள்களைச் சேர்த்து, அவை ஒன்றோடொன்று முரண்படாமல் இயங்கச் செய்து, சாதாரண மனிதர் தமது கணினியில் நிறுவக்கூடிய வடிவில் ஒருவர் கட்டித்தர வேண்டும். அவ்வாறு கட்டித்தரப்படுவதையே வழங்கல் என்கிறோம். றெட் ஹற், ஸ்லக்வெயார், சூசே, உபுண்டு எனப் பல பெயர்களில் அவை உள்ளன. அவற்றுள் மிக நீண்ட காலம் நிலைத்திருப்பவற்றில் ஒன்றும், மிக அதிகமாக ஏசப்பட்டதும், ஏனைய பல வழங்கல்களுக்குத் தாயானதும் டெபியன். அதன் பலம் எது, பலவீனம் எது என்று பிரித்துப் பார்க்க முயன்ற பலரும் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்திருப்பதைக் கண்டு திகைத்திருக்கிறார்கள். எனக்கும் அந்தத் திகைப்பு உண்டு.

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பேர்டியூ பல்கலைக்கழகத்தில் இயன் மேர்டொக் மாணவராக இருந்தார். அப்போது பரவலாகப் பயன்பட்ட வழங்கல் எஸ்.எல்.எஸ். என்பது. அதிலுள்ள பிழைகளும் கவனிப்பின்மையும் பலருக்கு எரிச்சலூட்டின. அதே எரிச்சலிலிருந்துதான் பற்றிக் வோல்கேர்டிங்கின் ஸ்லக்வெயாரும் அதே ஆண்டு ஜூலையில் பிறந்தது. மேர்டொக் 1993 ஓகஸ்ட் 16ஆம் திகதி தமது திட்டத்தை அறிவித்தார். தம்முடைய பெயரையும், பின்னர் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் இணைத்து அதற்கு டெபியன் என்று பெயரிட்டார். வோல்கேர்டிங் பெரும்பாலும் தனியொருவராகத் தமது வழங்கலைக் கட்டினார். மேர்டொக்கோ தொடக்கத்திலேயே பலர் சேர்ந்து கட்டும் வழியைத் தேர்ந்தார். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒருவர் பொறுப்பு. அவர் அதைக் குறிப்பிட்ட விதிகளின்படி ஒரு பொதியாகக் கட்டித்தர வேண்டும். எல்லாப் பொதிகளும் சேர்ந்தால் முழு இயங்குதளம். எந்த நிறுவனமும் சம்பளம் கொடுக்காது. லாபம் பார்ப்பவரும் இல்லை.

இந்த ஏற்பாடு நடைமுறையில் எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதற்கான விடை பெரும்பாலும் ஒரு கருவியில் இருக்கிறது. ஒரு மென்பொருள் இயங்குவதற்கு வேறு பத்து மென்பொருள்கள் தேவைப்படலாம். அந்தப் பத்துக்கும் இன்னும் சில தேவைப்படலாம். டெபியனின் பொதியிலோ தனக்கு எவை வேண்டும், எவற்றோடு தான் ஒத்துப்போகாது என்ற விபரம் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். டிபிகேஜி என்ற கருவி அதைப் படித்துச் சரிபார்க்கும். 1999 மார்ச்சில் வந்த 2.1ஆம் பதிப்போடு ஏபிரி என்ற கருவியும் சேர்ந்தது. அதற்குப் பின் பயனர் ஒரு கட்டளை இட்டால் போதும். தேவையானவை எல்லாவற்றையும் இணையத்திலிருந்து அதுவே தேடி எடுத்து, உரிய ஒழுங்கில் நிறுவிவிடும். இன்று கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்திச் செயலியை நிறுவுபவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. அன்று அது பெரும் விடுதலை. ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குச் செல்லும்போது கணினியை அழித்துப் புதிதாக நிறுவத் தேவையில்லை என்பது இன்னும் பெரியது. பத்து ஆண்டுகளுக்கு முன் நிறுவிய டெபியனைப் படிப்படியாகப் புதுப்பித்து அப்படியே வைத்திருப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

மேர்டொக்கிற்குப் பின் 1996இல் தலைமை ஏற்ற புறூஸ் பெரென்ஸ் அப்போது பிக்சார் திரைப்பட நிறுவனத்தில் பணிபுரிந்தவர். அதனால் டெபியன் பதிப்புகளுக்கு அந்நிறுவனத்தின் ரோய் ஸ்ரோரி திரைப்படத்திலுள்ள பொம்மைகளின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் தோன்றியது. 1996 ஜூனில் வந்த முதலாவது பெயர் பெற்ற பதிப்பு பஸ். அதில் 474 பொதிகள் இருந்தன. எப்போதும் மாறிக்கொண்டிருக்கும், எப்போதும் உடைந்துபோகக்கூடிய பதிப்புக்கு நிரந்தரப் பெயர் சிட். அது படத்தில் பொம்மைகளைப் பிய்த்தெறியும் அயல்வீட்டுப் பையனின் பெயர்.

பெரென்ஸ் காலத்தில், 1997 ஜூலையில், டெபியன் ஒரு சமூக ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. நாம் வழங்குவது எப்போதும் கட்டற்றதாகவே இருக்கும், குறைபாடுகளை மறைக்க மாட்டோம், பயனர்களும் கட்டற்ற மென்பொருளுமே எமது முன்னுரிமை என்பன அதன் சாரம். அதனோடு சேர்த்து எழுதப்பட்ட வழிகாட்டு விதிகளே மறு ஆண்டு திறந்த மூலம் என்ற கருத்துக்கு வரைவிலக்கணமாக எடுத்தாளப்பட்டன. 1998 டிசெம்பரில் ஒரு யாப்பும் ஏற்கப்பட்டது. ஆண்டுதோறும் தலைவர் தேர்தல், முரண்பாடு எழுந்தால் பொது வாக்கெடுப்பு, வாக்காளர் தெரிவுகளை வரிசைப்படுத்தும் முறை என ஒரு சிறு குடியரசுக்கான அத்தனையும் அதில் உண்டு. குறைபாடுகளை மறைப்பதில்லை என்ற வாசகம் அலங்காரத்துக்காக எழுதப்பட்டதல்ல. டெபியனின் பிழைப் பதிவேட்டை யாரும் எப்போதும் திறந்து வாசிக்கலாம். பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில் எனக்கு இதில் ஒரு தனிப்பட்ட பிரியம் உண்டு. தன் தவறுகளைத் தானே முதற்பக்கத்தில் அச்சிடும் நிறுவனங்களை நான் அதிகம் கண்டதில்லை.

இந்தக் குடியரசின் பிரசைகள் எத்தகையவர்கள் என்பதை ஒரு சம்பவம் காட்டும். 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் வெளியான 2.2ஆம் பதிப்பு, ஜோயல் கிளெக்கர் என்ற இளைஞருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன், 21ஆவது வயதில், அவர் இறந்துபோனார். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோயால் அவர் படுக்கையில் கிடந்தவர் என்பது, அவரோடு தினமும் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்த சகாக்களில் பெரும்பாலானோருக்கு அதுவரை தெரியாது. அவர்கள் அறிந்திருந்தது அவருடைய வேலையை மட்டுமே.

இனிப் பலவீனத்துக்கு வருவோம். 2002 ஜூலையில் 3.0ஆம் பதிப்பாகிய வூடி வெளிவந்தது. வெளிவந்த அன்றே அது பழையது. கேடிஈ என்ற திரைமேடையின் மூன்றாம் தலைமுறை அந்த ஆண்டு ஏப்ரலிலேயே வந்துவிட்டது. வூடியில் இருந்ததோ இரண்டாம் தலைமுறை. கருவிலும் அதே கதைதான்; 2.4 பரவலாகிவிட்ட பின்னரும் வூடி வழமையாக நிறுவியது 2.2ஐ. சரி, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். சார்ஜ் எனப்பட்ட 3.1ஆம் பதிப்பு 2005 ஜூன் 6ஆம் திகதிதான் வெளியாயிற்று. இடையில் கடைக்கு வந்த புதிய கணினிகளின் வன்தட்டைக்கூட வூடியின் நிறுவி அடையாளம் காணாத நிலை பலருக்கு ஏற்பட்டது.

ஏன் இந்தத் தாமதம்? ஒரே காரணம் இல்லை. நிறுவியை அடியிலிருந்து புதிதாக எழுதினார்கள். 11 வகையான செயலிக் கட்டமைப்புகளுக்கும் ஒரே நாளில் வெளியிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். எவரும் வீட்டில் வைத்திராத இயந்திரத்தில் ஒரு பொதி கட்டப்படவில்லையென்றால் எல்லோருக்குமான வெளியீடும் நிற்கும். 2003 நவம்பரில் திட்டத்தின் சொந்தச் சேவையகங்களுக்குள் அந்நியர் புகுந்துவிட்டார்கள்; அதைத் துப்புரவாக்கவும் காலம் சென்றது. 2004இல், சமூக ஒப்பந்தத்தில் சொற்களைத் தெளிவாக்குவதாகக் கூறிக்கொண்டு ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். நிறைவேறிய பின்னர்தான் தெரிந்தது, புதிய சொற்களின்படி பயனர் கைந்நூல்களும் வன்பொருளுக்குள் ஏற்றப்படும் சிறு நிரல்களும்கூடக் கட்டற்றவையாக இருக்க வேண்டும், அதன்படி சார்ஜை வெளியிடவே முடியாது என்பது! அந்தத் திருத்தம் சார்ஜுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும் என்று தீர்மானிக்க இன்னொரு வாக்கெடுப்புத் தேவைப்பட்டது. கொள்கைக்காகத் தன் காலிலேயே விலங்கு பூட்டி, பின் அதைத் திறக்க இன்னொரு கூட்டம் கூடும் அமைப்புகளை நாம் அரசியலிலும் பார்த்திருக்கிறோம்.

அந்த இடைவெளியில் நுழைந்தவர் மார்க் ஷட்டில்வேர்த். தென்னாபிரிக்கரான அவரும் தொண்ணூறுகளில் ஒரு டெபியன் பங்களிப்பாளரே. தமது நிறுவனத்தை 1999இல் பெருந்தொகைக்கு விற்று, 2002இல் விண்வெளிக்கும் போய்வந்தவர். டெபியனின் சிட் பதிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பளபளப்பாக்கி, ஒரே இறுவட்டில் அடக்கித் தந்தால் என்ன என்பதே அவருடைய எண்ணம். 2004 ஒக்டோபரில் உபுண்டு பிறந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் இறுவட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். அந்தச் சேவை 2011இல் நின்றது. அதற்குள் உலகின் மூலைமுடுக்குகளில் லினக்ஸ் என்றாலே உபுண்டு என்ற நிலை வந்துவிட்டது. உபுண்டுவுக்குள் இருந்ததில் மிகப் பெரும்பகுதி டெபியன் தொண்டர்களின் உழைப்பு. அவர்களில் சிலர் ஷட்டில்வேர்த்திடம் சம்பளத்துக்கும் சேர்ந்தார்கள். எஞ்சியோரிடம் மனத்தாங்கல் இருந்தது இயல்பே.

அடுத்த பதிப்பாவது குறித்த நேரத்தில் வரவேண்டும் என்று 2006இல் தலைவராக இருந்த அன்ரனி ரவுன்ஸ் கருதினார். வெளியீட்டுக்குப் பொறுப்பான இருவர் தத்தமக்கு ஒரு மாதம் முழுநேரமும் அதிலேயே ஈடுபடும் வகையில் அவர்களுக்குப் பணம் கொடுக்க, திட்டத்துக்கு வெளியே ஒரு நிதி முயற்சியைத் தொடங்கினார். நோக்கம் நல்லதே. விளைவு நேர்மாறாக இருந்தது. இருவருக்குப் பணம் என்றால் நாங்கள் யார் என்ற கேள்வி எழுந்தது. சிலர் தம் வேலையை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். தலைவரை நீக்கக் கோரும் பிரேரணையும் வந்து தோற்றது. 2006 டிசெம்பருக்குத் திட்டமிட்ட எட்ச் என்ற பதிப்பு 2007 ஏப்ரல் 8ஆம் திகதி வெளியாயிற்று. சம்பளமில்லாத உழைப்பில் இயங்கும் அமைப்பொன்றுக்குள் கொஞ்சப் பணம் நுழைவதால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? நமது ஊர்ச் சங்கங்களின் நிர்வாகசபைகளில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

எட்ச் பற்றித் தமிழர்களாகிய நாம் நினைவில் வைக்கத்தக்க வேறொரு விடயமும் உண்டு. அதுவரை டெபியனின் நிறுவி வெறும் எழுத்துத் திரையில் ஓடியது. உயிர்மெய் எழுத்துகளைச் சேர்த்து வரைய அந்தத் திரையால் இயலாது. எட்ச்சோடு வரைகலை நிறுவி வந்தபோதுதான் தமிழ் போன்ற மொழிகளில் அதை நிறுவ வழி பிறந்தது. அதற்கான மொழிபெயர்ப்பைச் செய்தவர்களும் சம்பளமில்லாத தொண்டர்களே. இந்திய அரசின் சீடாக் நிறுவனம் உருவாக்கிய பொஸ் என்ற இயங்குதளமும் டெபியன் மீது கட்டப்பட்டதே.

டெபியனின் வரலாற்றில் மிகக் கடுமையான களங்கம் தாமதத்தால் வந்ததன்று. திருத்தும் ஆர்வத்தால் வந்தது. இணையத்தில் இரகசியமாகத் தகவல் பரிமாறப் பயன்படும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற மென்பொருளை டெபியனுக்காகப் பொதியாகக் கட்டியவர், அதைச் சோதனைக் கருவியொன்றில் இட்டுப் பார்த்தபோது இரண்டு வரிகள் பற்றி எச்சரிக்கை வந்தது. இன்னும் மதிப்பு இடப்படாத நினைவகத்தை அந்த வரிகள் பயன்படுத்துகின்றன என்பதே முறைப்பாடு. மூல மென்பொருளாளர்களின் மடற்குழுவில் அவர் கேட்டார். ஆட்சேபம் வரவில்லை. 2006 செப்டெம்பரில் அவ்விரு வரிகளும் செயலிழக்கச் செய்யப்பட்டன.

அவற்றுள் ஒன்று, எழுமாற்று எண்களை உருவாக்குவதற்கான விதைகளை உள்ளே சேர்க்கும் வரி. அது போனபின் எஞ்சிய ஒரே எழுமாற்றுத்தன்மை, கணினி ஒவ்வொரு செயலுக்கும் கொடுக்கும் இலக்கம் மட்டுமே. அந்த இலக்கத்தின் உச்ச எல்லை 32,768. அதாவது, பிரபஞ்சத்தின் ஆயுளுக்குள் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டிய இரகசியச் சாவிகள், ஒவ்வொரு வகையிலும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்குள் அடங்கிவிட்டன. எவரும் முழுப் பட்டியலையும் தயாரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பூட்டில் போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ இருபது மாதங்களின் பின் லூசியானோ பெல்லோ என்ற டெபியன் பங்களிப்பாளர் இதைக் கண்டறிந்தார். 2008 மே 13ஆம் திகதி டெபியன் தானே உலகுக்கு அறிவித்தது. உபுண்டு உட்பட டெபியனின் பிள்ளைகள் அனைத்தும் பாதிக்கப்பட்டன. சாவிகளையெல்லாம் தூக்கியெறிந்து புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

ஒரு பத்திரிகை அலுவலகத்தில் செய்தியாளர் எழுதிய கட்டுரையில், தனக்குப் புரியாத ஒரு வசனத்தை உதவி ஆசிரியர் நல்லெண்ணத்தோடு வெட்டிவிடுவதுண்டு. மறுநாள் பார்த்தால் கட்டுரையின் உயிரே அந்த வசனத்தில் இருந்திருக்கும். டெபியனின் பெருமையே, மூல மென்பொருளை அப்படியே வாங்கி விற்காமல், பொறுப்பானவர் படித்து, திருத்தி, ஏனையவற்றோடு பொருத்தித் தருவது. அந்தப் பெருமையின் மறுபக்கம் இது. எழுதியவரைவிடத் திருத்துபவருக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எல்லா இடத்திலும் நிறைவேறாது.

வேறு சச்சரவுகளும் உண்டு. 2006இல் ஃபயர்பொக்ஸ் உலாவியின் வணிகச் சின்னம் பற்றிய பிணக்கால், அதே உலாவியை ஐஸ்வீசல் என்ற பெயரில் பத்து ஆண்டுகள் வழங்கினார்கள். நரியை எடுத்துவிட்டுக் கீரியை வைத்த இந்தக் கூத்தைப் புதிய பயனர்களுக்கு விளங்கவைப்பது சிரமமாகவே இருந்தது. 2014இல் கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலாக சிஸ்ரம்டி என்பதை ஏற்பதா என்ற விவாதம் அதைவிடக் கசப்பானது. தொழில்நுட்பக் குழுவில் வாக்குகள் சமமாகப் பிரிந்து, தவிசாளரின் வாக்கால் முடிவு எட்டப்பட்டது. மூத்தவர்கள் சிலர் அந்த ஆண்டு முடிவதற்குள் குழுவிலிருந்து விலகினார்கள். வேறு சிலர் பிரிந்துபோய் டெவுவான் என்ற தனி வழங்கலைத் தொடங்கினார்கள்.

சாதாரண பயனரை அதிகம் வருத்தியதோ இவற்றில் எதுவுமன்று. மடிக்கணினியின் கம்பியில்லா இணைய அட்டைக்குள் ஏற்றவேண்டிய சிறு நிரல் பெரும்பாலும் உற்பத்தியாளரின் தனியுடைமை. அதன் மூலநிரல் கிடையாது. ஆகவே அது கட்டற்றதன்று என்று 2011 பெப்ரவரியில் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து கருவைவிட்டு அவற்றை முழுவதுமாக அகற்றினார்கள். கொள்கை வென்றது. ஆனால் இறுவட்டைப் போட்டு நிறுவியவருக்கு இணையம் இல்லை; இணையம் இல்லாமல் அந்த நிரலைத் தரவிறக்கவும் முடியாது. அந்த நிரல்கள் அடங்கிய வேறொரு நிறுவி டெபியனின் தளத்திலேயே, அதிகாரபூர்வமற்றது என்ற முத்திரையோடு, ஒரு மூலையில் இருந்தது. அறிந்தவர்கள் அதை எடுத்தார்கள். அறியாதவர்கள் உபுண்டுவுக்குப் போனார்கள். 2022ஆம் ஆண்டு வாக்கெடுப்பில்தான் இதற்குத் தீர்வு வந்தது. சமூக ஒப்பந்தத்தைத் திருத்தி, இந்நிரல்களை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்க முடிவாயிற்று. 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. பயனர்களும் கட்டற்ற மென்பொருளும் இரண்டுமே முன்னுரிமை என்று ஒரே வரியில் எழுதிவைத்தவர்கள், அவ்விரண்டும் மோதினால் என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கக் கால் நூற்றாண்டு எடுத்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. என் கருத்தில் முடிவு சரியானது. பத்து ஆண்டுகள் பிந்தியது.

தாமதத்தை இவ்வளவு கடிந்த பிறகு, 2024இல் நடந்ததையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற மென்பொருளின் புதிய பதிப்புகளில் எவரோ திட்டமிட்டு ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்திருந்தார்கள். சேவையகங்களுக்குள் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் நிரலே அதன் இலக்கு. சிட் பதிப்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்த அன்ட்றெஸ் ஃபுறொயிண்ட் என்ற நிரலாளர், தாம் நுழைவதற்கு வழமையைவிட அரைச் செக்கன் அதிகமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்த்தார். 2024 மார்ச் 29ஆம் திகதி உண்மை வெளியாயிற்று. டெபியனின் நிலையான பதிப்பைப் பயன்படுத்திய உலகெங்குமுள்ள சேவையகங்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. காரணம் எளியது: அதிலிருந்த எக்ஸ்இஸட் பழையது. இருபது ஆண்டுகளாகப் பரிகசிக்கப்பட்ட அதே பழைமை.

இங்கும் ஒரு முள் இருக்கிறது. மூல எஸ்எஸ்எச் நிரலுக்கு எக்ஸ்இஸட்டோடு எந்தத் தொடர்பும் இல்லை. சிஸ்ரம்டியோடு பேசுவதற்காக டெபியனும் வேறு சில வழங்கல்களும் தாமாகச் சேர்த்த ஒட்டின் வழியாகத்தான் அந்தத் தொடர்பு உண்டாகி, கள்ளக் கதவுக்கு வழி திறந்தது. 2006இல் இரண்டு வரிகளை எடுத்த அதே கை, இங்கே சில வரிகளைச் சேர்த்திருந்தது.

இயன் மேர்டொக் 2015 டிசெம்பரில் காலமானார். 2017இல் வந்த ஒன்பதாம் பதிப்பு அவருக்குக் காணிக்கையாயிற்று. 474 பொதிகளோடு தொடங்கியது, 2025 ஓகஸ்ட் 9ஆம் திகதி வெளியான 13ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகளாகியிருந்தது. அந்தப் பதிப்போடு வேறொன்றும் முடிந்தது. மேர்டொக் தொடங்கியபோது டெபியன் ஓடிய ஒரே வகையான 32 பிட் இன்ரெல் கணினிகளுக்கு இனிக் கருவும் இல்லை, நிறுவியும் இல்லை. விண்டோஸ் கைவிட்ட பழைய கணினிகளை டெபியன் போட்டு ஓட்டிவந்த பாடசாலைகளும் வாசிகசாலைகளும் 12ஆம் பதிப்பிலேயே தங்கவேண்டும். அதற்கான நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஜூன் வரை அறிவிக்கப்பட்டுள்ளன.